செலின் ரீச்சரின் சோதனையும் என் சோதனையும்

வீடு வீடாய்ப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற தொழிலில் மழையைச் சகிக்கலாம், நாயைச் சகிக்கலாம், அதே வீட்டுக்கு இன்னொருவர் வந்து படிப்பிப்பதை மட்டும் சகிக்க முடியாது. உங்களில் யாராவது இந்தத் தொழிலில் கிடந்து உழன்றிருந்தால் இப்போதே ஒரு பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள். நானும் விட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சற்று முந்திய வருடங்கள் அவை. கொழும்பு கிருலப்பனையில் பத்துப் பிரமச்சாரிகள் கூடிச் சமைத்துச் சாப்பிடும் ஒரு சமறியில் எனக்கு ஒரு கட்டில் இருந்தது. பின்னேரமானால் குடையும் கையுமாய் வெள்ளவத்தைக்கு நடப்பேன். நான்கு வீடுகள். அவற்றில் என் மனத்துக்குப் பிடித்தது ரயில் பாதைக்குக் கிட்ட, கடற்காற்றில் யன்னல் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு கிளாக்கர் வீடு. கிளாக்கர் ஐயாவுக்கு அரசாங்கக் கந்தோரில் பெரிய உத்தியோகம். ஒரே மகள், யோகம், எட்டு வயது. அரிவரியிலிருந்து மூன்றாம் வகுப்புவரை அவளுக்கு எழுத்தும் வாய்பாடும் சொல்லிக் கொடுத்தவன் நான். திங்கள், புதன், வெள்ளி என் நாட்கள்.

அப்படி இருக்கும்போது யோகத்தின் தாய்க்கு யாரோ ஒரு புத்தி சொன்னார்கள். பிள்ளைக்கு விஞ்ஞானமும் வேண்டுமாம், அதை வீட்டிலேயே கையால் செய்து பழகவேண்டுமாம். கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் செலின் ரீச்சர் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கு ட்ராம், கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரயில். கையில் புத்தகம் இருக்காது. ஒரு பிரம்புக் கூடையும், அதற்குள் மெழுகுதிரி, போத்தல், நூல், ஊசி, கடதாசி மட்டையும்தான் இருக்கும். அந்தக் கூடையைக் கண்ட நாளிலிருந்து எனக்குப் பசி குறைந்துவிட்டது.

கேற்றடி

நான் போகும் நாட்களில் கேற்றின் கொண்டியை நானே கையை விட்டுத் திறந்துகொள்வேன். "மாஸ்டர் வந்திட்டார்" என்று தாய் குரல் கொடுப்பார். உடனே யோகத்துக்குத் தாகம் எடுக்கும், வயிற்றுவலி வரும், பென்சில் காணாமல் போகும். ஒருநாள் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தவளைக் காலில் பிடித்து இழுத்து வந்து கதிரையில் இருத்தினார்கள். இதெல்லாம் தொழிலில் சகஜம் என்று நானும் மனத்தில் எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பாண் வாங்கவென்று அந்தத் தெருவால் போனேன். பாண் கடை என் சமறிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை நீங்கள் கேட்கக் கூடாது. யோகம் கேற்றுக் கம்பியில் ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தாள். தலை வாரி, ரிப்பன் கட்டி, முகத்துக்குப் பவுடரும் போட்டிருந்தது. மூன்று வருடத்தில் அவளை நான் கேற்றடியில் கண்டதே இல்லை. நெஞ்சு குளிர்ந்துவிட்டது. குடையை மடக்கிக்கொண்டு கிட்டப் போய் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். அவள் கழுத்தை நீட்டி எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தபடி சொன்னாள்:

"மாஸ்டர், இண்டைக்குச் சனி, உங்கடை நாள் இல்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, ரீச்சர் வாறது தெரியேல்லை."

பால் வேண்டாம்

அந்தக் கேற்றடியில் அவள் ஒரேயொரு நாள் எனக்காக வந்து நிற்கவேண்டும் என்ற ஆசை அன்றைக்கு என்னைப் பிடித்தது. பிடித்த ஆசை விடவில்லை. அதோடு கூட இன்னொரு பேயும் பிடித்தது: செலின் ரீச்சருக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது, எனக்கு என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாய் நிறுத்துப் பார்க்கும் பேய்.

தேத்தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடங்களுக்கு முன், முதல் நாளில், மரியாதைக்காக "பால் வேண்டாம், சிரமப்படாதையுங்கோ" என்று சொன்னேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இன்னொரு தரம் கேட்பார்கள், அப்போது சம்மதிக்கலாம் என்றுதானே சொல்கிறோம்? அவர்கள் இன்னொரு தரம் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் பால்தேத்தண்ணீர் குடிக்க, எனக்கு மட்டும் ஒரு தம்ளரில் பிளேன்டீ வரும். செலின் ரீச்சருக்கோ பூப்போட்ட கோப்பையில், ஆடை படிந்த பாலில், பக்கத்தில் இரண்டு பிஸ்கோத்தோடு வருகிறது என்று யோகம் சொன்னாள். அந்த வயிற்றெரிச்சலில் நான் ஒருநாள் தம்ளரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதைக் கண்டு, தாய் குசினிக்குள் நின்ற சமையற்காரிக்கு இரக்கத்தோடு சொன்னார்:

"மாஸ்டருக்குப் பால் ஒத்துவராது, பாவம்."

காற்று தாங்கும்

செலின் ரீச்சர் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் விட்டு, மேலே மட்டையை வைத்துக் கவிழ்த்தாராம். கையை எடுத்த பிறகும் மட்டை விழவில்லையாம், தண்ணீர் சிந்தவில்லையாம். காற்று கீழேயிருந்து தாங்குகிறதாம். ஒரு திங்கட்கிழமை முழுக்க யோகம் இதைத்தான் சொன்னாள். ஏழாம் வாய்பாடு கேட்டால் "ஏழேழு" என்று தொடங்கி, தம்ளரில் போய் முடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன பெரிய வித்தை, நான் செய்ய மாட்டேனா?" என்று எழும்பினேன்.

மட்டை கிடைக்கவில்லை. கொப்பி ஒற்றை ஒன்றைக் கிழித்து வைத்தேன். மேசையில் கிளாக்கர் ஐயா கந்தோரிலிருந்து கொண்டுவந்த அரசாங்கக் கடதாசிக் கட்டு ஒன்று கிடந்தது. அதற்கு நேர் மேலே நின்று கவிழ்த்தேன் என்பது கவிழ்த்த பிறகுதான் தெரிந்தது. ஒற்றை ஊறிப் பிய்ந்தது. தண்ணீர் முழுவதும் கட்டின்மேல் இறங்கி, மை நீலமாய் ஓடியது. யோகம் கைகொட்டிச் சிரித்தாள். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். கிளாக்கர் ஐயா கோபிக்கிற மனிதர் அல்ல. கடதாசியை ஒவ்வொன்றாய்த் தூக்கிக் கொடியில் காயப்போட்டுக்கொண்டே கேட்டார்:

"காத்து தாங்குமெண்டு சொன்னியள், சரி. கவுண்மேந்து தாங்குமோ மாஸ்டர்?"

நானாவின் கடை

தோற்றவன் படை திரட்டுவது வழக்கம்தானே. தெருமுனையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. தையல் ஊசியிலிருந்து மெழுகுதிரிவரை எல்லாம் கிடைக்கும். வெள்ளைக் காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மைத் தண்ணீரில் நிறுத்தி, பூவில் சிவப்பு ஏறவைத்திருந்தார் செலின் ரீச்சர். நானும் சிவப்பு மை வாங்கினேன். பலூன், ஊசி, மெழுகுதிரி, வினாகிரி என்று கண்டதெல்லாம் வாங்கினேன். காசித்தும்பை கிடைக்காமல் வெள்ளை அலரிப்பூவை மைக்குள் வைத்தேன். மூன்று நாளாகியும் அது வெள்ளையாகவே இருந்தது. என் வேட்டி மட்டும் சிவந்தது.

இரண்டாம் தரம் மை வாங்கப் போனபோது நானா சாமான்களைக் கட்டாமல் என் முகத்தையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"டீச்சர் சனிக்கெழமைக்கு வாங்குற சாமான நீங்க திங்கக்கெழமைக்கு வாங்குறீங்க மாஸ்டர். ரெண்டு பேரும் பேசி ஒண்ணா வாங்கினா ஒரு மைப்போத்தலே போதுமே?"

சமறியில் ஒத்திகை

இனி ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். தண்ணீரில் ஊசியை மிதக்கவிடுவது அடுத்த பாடம். மெல்லிய கடதாசித் துண்டில் ஊசியைப் படுக்கவைத்துத் தண்ணீரில் விட்டால், கடதாசி ஊறி அடியில் தாண்டு போகும், ஊசி மிதக்கும். செலின் ரீச்சருக்கு மிதக்கும். எனக்குக் கடதாசியும் ஊசியும் ஒன்றாய்த்தான் போயின. சமறிக் கிணற்றடியில் எல்லாருக்கும் பொதுவாய் நிரப்பிவைத்த வாளியில் விடியற்காலை ஏழு ஊசி விட்டேன்; எடுத்தது ஐந்து. அடுத்ததாய்க் குளிக்க வந்த தபால் கந்தோர் தம்பிராசா முதல் செம்பை ஊற்றியதும் துள்ளி எழும்பினான்.

"மாஸ்டர், நாங்கள் இஞ்சை வாறது குளிக்கவோ, காது குத்தவோ?"

கடல் தண்ணீர்

மற்றவர் செய்ததைச் செய்தால்தானே தோல்வி? செலின் ரீச்சர் செய்யாத ஒன்றைச் செய்வோம் என்று யோசித்தேன். கடல் தண்ணீரைத் தட்டில் விட்டு வெயிலில் வைத்தால் தண்ணீர் வற்றும், உப்பு மிஞ்சும். என் சொந்த மூளையில் உதித்தது. வெள்ளவத்தையில் கடல் காலடியில் கிடக்கிறது. ரயிலில் வருகிறவருக்கு இது தோன்றுமா? போத்தலோடு போய் மொண்டு வந்து யோகத்தின் வீட்டு மதிலில் வைத்தேன். அன்றைக்குப் பார்த்து மழை பெய்து தட்டு நிறைந்தது. மறுபடி மொண்டு வந்தேன். காகம் தட்டிவிட்டது.

மூன்றாம் தரம் முழங்கால்வரை நனைந்துகொண்டு மொண்டபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த சிங்கள மீன்காரர் ஒருவர் என்னையே பார்த்தார். அந்த வாரத்தில் அது மூன்றாவது போத்தல். இந்த மனிதனுக்கு வீட்டில் தண்ணீர்க்குழாய் இல்லைப்போலும், கடல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவுமில்லைப்போலும் என்று நினைத்திருக்கிறார். கிட்ட வந்து, போத்தலை மெல்ல என் கையிலிருந்து வாங்கி, தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, கடல் தண்ணீர் குடிக்க ஏலாது ஐயா என்று தன் பாஷையில் இரக்கமாய்ச் சொன்னார்:

"மஹத்தயா, மூது வத்துர பொன்ன பே."

படிப்பு முட்டை

ஒரு வெள்ளிக்கிழமை யோகம் ஒரு செய்தி சொன்னாள். நாளைக்கு ரீச்சர் முட்டை கொண்டுவருகிறாவாம். பச்சைத் தண்ணீரில் முட்டை தாழும், உப்புத் தண்ணீரில் மிதக்குமாம். எனக்கு உள்ளே ஒரு மணி அடித்தது. அது சுத்த சைவ வீடு. முட்டைக் கோது கூடக் கேற்றைத் தாண்டி வந்ததில்லை. கொட்டாஞ்சேனைக்கு இது தெரிய நியாயமில்லை. நான் ஒரு சொல் சொல்லி எச்சரித்திருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் குடையை அங்கேயே மறந்துவைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை குடை எடுக்கப் போனேன். சரியான நேரம். செலின் ரீச்சர் கூடையைத் திறந்து, முட்டையை எடுத்து மேசையில் வைத்தார். தாய் குசினியிலிருந்து வந்து அதைக் கண்டார். அப்படியே நின்றார். "சமைக்கவோ?" என்றார். "இல்லைங்கம்மா, மிதக்கவிட" என்றார் செலின் ரீச்சர். முட்டை உருண்டு மேசை விளிம்புக்கு வந்தது. அதைத் தாயே கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு உள்ளே போனார். இதோ கும்பாவில் மஞ்சள் தண்ணீர் வருகிறது, வீடு முழுக்கத் தெளிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். வந்தது உப்புச் சாடி. எனக்கு வாய் பொறுக்கவில்லை. "சிவ சிவா, இந்த வீட்டிலே முட்டையோ!" என்றேன். அவர் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், அது சாப்பாட்டு முட்டை இல்லை. படிப்பு முட்டை."

எந்தச் சோதனை?

எங்கள் ஆட்களுக்குச் சோதனை என்ற சொல் ஒன்றுதான், பொருள் மூன்று. பள்ளிக்கூடத்தில் வகுப்பேற்றத்துக்கு வைப்பது சோதனை. தெய்வம் மனிதனுக்கு வைப்பதும் சோதனை. செலின் ரீச்சர் மெழுகுதிரியும் தண்ணீரும் வைத்துச் செய்வதற்கும் அந்தப் பெயர்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு புதன்கிழமை, பழக்க தோஷத்தில், "வெள்ளிக்கிழமை சோதனை, ஆயத்தமாய் இரு" என்று சொல்லிவிட்டேன். யோகம் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பி, "உண்மையாவோ மாஸ்டர்?" என்றாள். கண் இரண்டும் மின்னின. என் மேல் இவ்வளவு அன்பா என்று நான் வழியெல்லாம் மகிழ்ந்துகொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை மேசையில் பீங்கான் தட்டு, போத்தல், மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கை கழுவி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றாள். நான் சட்டைப் பையிலிருந்து இருபது கழித்தல் கணக்கு எழுதிய தாளை எடுத்து வைத்தேன். தாளைப் பார்த்தாள், மெழுகுதிரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வீறிட்டு அழத் தொடங்கினாள். நான் அடிக்கவில்லை, அதட்டவில்லை என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அழுகைச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தாய் கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்:

"முருகா, பின்னேரப்பாட்டிலை இதென்ன சோதனை!"

பஞ்சு

இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் அல்ல. ஒரு திங்கட்கிழமை யன்னல் ஓரத்தில் ஒரு தட்டைக் கண்டேன். ஈரப் பஞ்சு, அதற்குமேல் பத்துப் பயறு. "ரீச்சர் சொன்னவ, இது என்ரை சோதனையாம். நான்தான் தனியச் செய்யவேணுமாம். காலமை தண்ணி விட்டனான், சனிக்கிழமை ரீச்சருக்குக் காட்டவேணும்" என்றாள் யோகம். அவ்வளவு பெருமை அவள் முகத்தில் நான் உண்டாக்கியதில்லை. எரிச்சலில், "சோதனை எண்டால் பாஸும் இருக்கு, பெயிலும் இருக்கு. பெயில் எண்டால் அதே வகுப்புத்தான்" என்றேன். அவள் கொப்பி எடுக்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து என் பிளேன்டீ வந்தது, ஆவி பறக்க. எழும்பிப் போய்ப் பயறுக்கு ஊற்றினேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் பொய். அரைத் தம்ளர்வரை யோசித்து ஊற்றினேன், மிச்சத்தை யோசிக்காமல் ஊற்றினேன்.

புதன்கிழமை பயறு முளைக்கவில்லை. யோகம் கொப்பியில் எழுதியிருந்தாள்: செவ்வாய், ஒன்றும் இல்லை. புதன், ஒன்றும் இல்லை. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை போனபோது கட்டிலுக்குக் கீழே தேடவேண்டியிருக்கவில்லை. அவள் முன்கூட்டியே கதிரையில் வந்து இருந்தாள். பன்னிரண்டாம் வாய்பாடுவரை தானாகவே எழுதி வைத்திருந்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை என்று தாய் சொன்னார். கேட்டதற்கெல்லாம் மெல்லிய குரலில் பதில் சொன்னாள், ஒன்றும் பிழைக்கவில்லை. பாடம் முடிந்து நான் எழும்பியபோது என் வேட்டித் தலைப்பைப் பிடித்தாள். அறைக்குள் இருந்த அப்பாவுக்குக் கேட்காமல், காதோடு கேட்டாள்:

"பயறு பெயிலாப் போச்சு மாஸ்டர். இனி என்னை மூண்டாம் வகுப்பிலேயே இருத்திப்போடுவினமோ?"

சனிக்கிழமை

வேட்டித் தலைப்பை விடுவித்துக்கொண்டு, குடையை எடுத்து வந்துவிட்டேன். மூன்று வருடமாய் நான் அவளிடம் எதிர்பார்த்த அடக்கம் அதுதான். அது கிடைத்தபோது எனக்குப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் வேறெதற்கும் பட்டதில்லை. சனிக்கிழமை என் நாள் அல்ல. பாண் என்றும் குடை என்றும் சாட்டுத் தேடாமல் நேரே போனேன். கேற்றடியில் யோகம் இல்லை. செலின் ரீச்சர் வரும் நாளில் அவள் கேற்றடியில் நில்லாதது அதுதான் முதல் தரம்.

உள்ளே செலின் ரீச்சர் தட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சைப் பிழிந்தார், மணந்தார். "பஞ்சு ஏன் மண்ணிறமா இருக்கு?" என்றார். பிறகு தாயைப் பார்த்து, "இந்த வீட்டில பால் இல்லாம தேத்தண்ணி குடிக்கிறது யாரு?" என்று கேட்டார். தாய் சூதுவாது இல்லாமல், "ஒருத்தரும் இல்லை ரீச்சர். மாஸ்டர் மட்டும்தான்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோகத்துக்கு முன்னால் போய்க் குந்தினேன். "பிள்ளை, நீ பெயில் இல்லை. நான்தான் சுடச்சுட ஊத்தினனான். உன்ரை பயறு நல்ல பயறு" என்றேன். "ஏன் மாஸ்டர் ஊத்தினனீங்கள்?" என்றாள். "ரீச்சரிலை எனக்குப் பொறாமை" என்றேன். பெரியவர்களுக்கு இப்படி ஒரு வருத்தம் வரும் என்று அவள் கேள்விப்பட்டிருக்கவில்லைப்போலும், வாயைத் திறந்தபடி நின்றாள்.

செலின் ரீச்சரின் முகம் சிவந்துவிட்டது. கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். ஆனால் கூடைக்குள்ளிருந்து புதுப் பஞ்சையும் பயறையும் எடுத்தார். தாயிடம் இரண்டு பீங்கான் தட்டும், ஒரு தம்ளர் சுடு பிளேன்டீயும் கேட்டார். யோகத்தை மேசையடிக்குக் கூப்பிட்டு, எந்தத் தட்டுப் பயறு முளைக்கும், எது முளைக்காது, ஏன் என்று திங்கட்கிழமை பார்த்து எழுதவேண்டும் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்:

"பச்சைத்தண்ணிய யோகம் ஊத்தட்டும். பிளேன்டீய நீங்க ஊத்துங்க மாஸ்டர், உங்களுக்குப் பழக்கம்தானே."

திங்கட்கிழமை

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு வரும் பிளேன்டீ நன்றாக ஆறின பிறகுதான் வந்தது. நான் குடித்து முடிக்கும்வரை தாய் பக்கத்தில் நிற்பார். அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் கிருலப்பனையிலிருந்து கூடவே நடந்து வந்தது. கிளாக்கர் ஐயாவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். மகளின் பயறுக்குச் சுடுதேத்தண்ணீர் ஊற்றியவனை எந்தத் தகப்பன் வைத்திருப்பான்? தெருமுனையில் நின்று, போவதா திரும்புவதா என்று குடையை விரித்தேன், மடக்கினேன்.

தலையை நிமிர்த்திப் பார்த்தால், கேற்றுக் கம்பியில் யோகம். தலை வாரவில்லை. ரிப்பன் இல்லை. கன்னத்தில் மை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் ஒரு தட்டை ஏந்தியிருந்தாள். அதில் பத்துப் பயறும் வெள்ளை வால் விட்டிருந்தன. எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களோ என்று நானே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. நானாவின் கடைவரை கேட்கும்படி அவள் கத்தினாள்:

"மாஸ்டர், கெதியா வாங்கோ! இண்டைக்கு என்னத்தைப் பழுதாக்கப் போறியள்?"

அன்றுமுதல் வெள்ளவத்தையில் எனக்குப் 'பழுதாக்கிற மாஸ்டர்' என்று பெயர் விழுந்தது. எத்தனை முட்டை மிதக்கவிட்டும் அப்படி ஒரு பட்டம் செலின் ரீச்சருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.